புள்ளியை நீக்க எழுத்தையே பெயர்த்தெடுக்கும் நொதிகள்

எலியின் சினைமுட்டையும் விந்தணுவும் ஒன்றிய சில மணி நேரத்துக்குள், தந்தைவழி வந்த டி.என்.ஏ.வின் மீது பதிந்திருந்த மீத்தைல் குறிகள் பெருமளவில் மறைந்துபோகின்றன. 2000-ஆம் ஆண்டில் வெளியான இரண்டு ஆய்வுகள் இதைக் காட்டின. அந்த நேரத்தில் டி.என்.ஏ. ஒருமுறைகூடப் பிரதியெடுக்கப்பட்டிருக்கவில்லை, ஆகவே புதிய பிரதிகளில் குறி இடப்படாததால் அவை குறைந்தன என்று விளக்க வழியில்லை. அதே செல்லுக்குள் பக்கத்திலேயே இருந்த தாய்வழி டி.என்.ஏ.வோ தன் குறிகளை அவ்வாறு இழக்கவில்லை. ஆகவே இது தானாக நிகழும் வேதிச் சிதைவு என்றும் சொல்ல முடியாது. ஏதோ ஒரு நொதி, இன்னாருடைய டி.என்.ஏ. என்று பிரித்தறிந்து வேலை செய்துகொண்டிருந்தது. அது எது என்ற தேடல் பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டு, டி.என்.ஏ.வில் ஏற்படும் சேதங்களைச் சரிசெய்யும் பழுதுநீக்க நொதிகளிடம் வந்து சேர்ந்தது.

இந்தத் தேடலைப் புரிந்துகொள்ள, மீத்தைல் குறி என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும். டி.என்.ஏ. என்பது அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு நைட்ரஜன் காரங்களின் நீண்ட வரிசை. இரட்டை இழைகளில் ஓர் இழையின் அடினினுக்கு எதிரே மற்றதில் தைமினும், குவானினுக்கு எதிரே சைட்டோசினும் நிற்கும். மனிதனின் ஒரு முழுத் தொகுதியில் ஏறத்தாழ 300 கோடி இணைகள் உள்ளன. கல்லீரல் செல்லுக்கும் நரம்புச் செல்லுக்கும் இந்த வரிசை ஒன்றேதான். ஆனால் எந்த மரபணு பேசலாம், எது வாய்மூடி இருக்க வேண்டும் என்பது செல்லுக்குச் செல் வேறுபடுகிறது. வரிசையை மாற்றாமல் மரபணுக்களின் இயக்கத்தை மட்டும் மாற்றி, செல் பிரிந்த பிறகும் அந்த நிலையைத் தொடரச்செய்யும் மாற்றங்களையே எபிஜெனிடிக் மாற்றங்கள் என்கிறோம். டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களின் மீது ஏறும் பலவகைக் குறிகளும், டி.என்.ஏ.வின் மீதே ஏறும் மீத்தைல் குறியும் இவற்றில் முக்கியமானவை.

மீத்தைல் என்பது ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு வேதித் தொகுதி. பாலூட்டிகளில் இது பெரும்பாலும், சைட்டோசினை அடுத்து அதே இழையில் குவானின் வரும் இடங்களில், சைட்டோசின் வளையத்தின் 5-ஆம் கார்பனில் ஒட்டப்படுகிறது. இத்தகைய இடங்களைச் சி-பி-ஜி இடங்கள் என்பார்கள். மனித மரபுத்தொகுதியில் இவை ஏறக்குறைய 2.8 கோடி, உடலின் பெரும்பாலான திசுக்களில் இவற்றில் 70 முதல் 80 விழுக்காடு வரை மீத்தைல் ஏற்றவையாகவே இருக்கின்றன. ஒரு மரபணுவின் தொடக்கப் பகுதியில் இக்குறிகள் அடர்ந்தால் அந்த மரபணு பொதுவாக அடங்கிவிடும். புதிதாகக் குறியிடும் வேலையை டி.என்.எம்.டி.3ஏ, டி.என்.எம்.டி.3பி என்னும் நொதிகளும், செல் பிரியும்போது பழைய இழையில் உள்ள குறியைப் பார்த்துப் புதிய இழையிலும் அதையே இடும் வேலையை டி.என்.எம்.டி.1 என்னும் நொதியும் செய்கின்றன.

ககரத்தின் மேல் புள்ளி வைத்தால் எழுத்து அதுவேதான். ஒலிக்கும் விதம் மட்டும் மாறுகிறது. மீத்தைல் குறி ஏறிய சைட்டோசினும் அப்படித்தான்: குவானினோடு இணைவதில் எந்த மாற்றமும் இல்லை, வாசிப்பு மட்டும் மாறுகிறது. ஓலையில் எழுத்தாணியால் குத்திய புள்ளியை அழிக்க முடியாதது போலவே, இந்த மீத்தைலையும் தனியே கழற்றுவது மிகக் கடினம். (புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்று ஏடெழுதியவர்கள் பலர் புள்ளியே வைக்காமல் எழுதியது வேறு கதை.) காரணம் வேதியியலில் இருக்கிறது. ஹிஸ்டோன்களில் மீத்தைல் ஒரு நைட்ரஜனோடு பிணைந்திருக்கிறது. சைட்டோசினிலோ கார்பன் கார்பனோடு பிணைந்திருக்கிறது. கார்பன்-கார்பன் பிணைப்பு உறுதியானது; செல்லுக்குள் நிலவும் மிதமான வெப்பத்திலும் நீர்ச்சூழலிலும் அதை ஒரே வெட்டில் துண்டிப்பது நொதிகளுக்கும் எளிதன்று.

குறியை இழக்க ஓர் எளிய வழி உண்டு. செல் பிரியும்போது புதிய இழையில் குறியிடாமல் விட்டால், ஒவ்வொரு பிரிவிலும் குறிகள் பாதிபாதியாகக் குறைந்துகொண்டே போகும். இதைச் செயலற்ற நீக்கம் என்பர். ஆனால் கருவுற்ற முட்டையில் பிரதியெடுப்பு நிகழும் முன்பே குறிகள் மறைந்தன. பிரியாத நரம்புச் செல்களிலும் குறிகள் மாறுகின்றன. ஆகவே குறியை நொதிகளே முனைந்து அகற்றும் செயலூக்க நீக்கம் என்று ஒன்று இருந்தாக வேண்டும். புள்ளியைத் தனியே எடுக்க முடியாவிட்டால் எழுத்தையே பெயர்த்தெடுத்துவிட்டு, புள்ளியில்லாத எழுத்தை அங்கே எழுதிவிடலாம் அல்லவா? செல்லிடம் அதற்கான கருவிகள் வேறொரு தேவைக்காக ஏற்கெனவே தயாராக இருந்தன.

டி.என்.ஏ. நாம் எண்ணுவதைப் போல நிலையான பொருள் அன்று. ஒரு மனித செல்லில் ஒரு நாளில் ஏறத்தாழ 10,000 அடினின், குவானின் காரங்கள் நீரின் தாக்கத்தால் தாமாகவே உதிர்கின்றன. அதைவிடக் குறைந்த எண்ணிக்கையில், நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில், சைட்டோசின்கள் தங்கள் அமினோ தொகுதியை இழந்து யுராசிலாக மாறுகின்றன. யுராசில் ஆர்.என்.ஏ.வுக்கு உரியது, டி.என்.ஏ.வில் அது தங்கினால் அடுத்த பிரதியெடுப்பில் அடினினோடு இணைந்து, சைட்டோசின் இருந்த இடம் தைமினாக மாறிவிடும். இப்படிச் சிதையும் மூலக்கூறு கோடிக்கணக்கான ஆண்டுகள் தகவலைக் காத்து வந்திருக்கிறது என்றால் அதைத் தொடர்ந்து சரிசெய்யும் ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று கருதிய சுவீடன் நாட்டு அறிவியலாளர் தோமஸ் லிண்டால், 1974-இல் பாக்டீரியாவிலிருந்து, யுராசிலைக் கண்டுபிடித்து வெட்டி எடுக்கும் யுராசில் டி.என்.ஏ. கிளைகோசைலேஸ் என்னும் நொதியைப் பிரித்தெடுத்தார். பழுதுநீக்க ஆய்வுகளுக்காக அவருக்கும் பால் மோட்ரிச்சுக்கும் அஸீஸ் சன்ஜாருக்கும் 2015-இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

லிண்டால் கண்டறிந்த வழிக்குக் கார அகற்றுப் பழுதுநீக்கம் என்று பெயர். அது நடைபெறும் விதத்தைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயன்தரும், ஏனெனில் பின்னால் வரும் கதை முழுவதும் இதன் மீதே நிற்கிறது. முதலில் கிளைகோசைலேஸ் வகை நொதி ஒன்று இழையின் மீது நகர்ந்து, சந்தேகத்துக்குரிய காரத்தை இரட்டைச் சுருளின் உள்ளிருந்து வெளியே புரட்டித் தன் குழிக்குள் இழுத்துப் பார்க்கிறது. அந்தக் குழியில் பொருந்தும் காரம் என்றால், அதைச் சர்க்கரையோடு பிணைத்திருக்கும் பிணைப்பை வெட்டுகிறது. இப்போது இழையின் முதுகெலும்பு, அதாவது காரங்களைத் தாங்கி நிற்கும் சர்க்கரைத் தொடர், அறுபடவில்லை. எழுத்து மட்டும் இல்லை. அடுத்து ஏ.பி.இ.1 என்னும் நொதி அந்த வெற்றிடத்தில் இழையை நறுக்குகிறது, பாலிமரேஸ் பீட்டா எதிர் இழையைப் பார்த்துச் சரியான எழுத்தை நிரப்புகிறது, எக்ஸ்.ஆர்.சி.சி.1 என்னும் துணைப் புரதத்தோடு வரும் லைகேஸ் 3 இழையை ஒட்டிவிடுகிறது. நிரப்பப்படும் எழுத்து எப்போதும் புதிது, எனவே எப்போதும் குறியற்றது. பழுதுநீக்கத்தின் இந்தச் சாதாரண விளைவுதான் எபிஜெனிடிக்ஸுக்கு வாசலாக அமைந்தது. காரத்தைச் சுருளுக்கு வெளியே புரட்டும் உத்தி முதன்முதலில், 1994-இல், பழுதுநீக்க நொதி ஒன்றில் அன்றி, பாக்டீரியாவின் மீத்தைல் ஏற்றும் நொதி ஒன்றில்தான் கண்ணுக்குப் புலப்பட்டது என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம். குறியிடுபவருக்கும் பழுது பார்ப்பவருக்கும் கைவேலை அவ்வளவு ஒத்தது.

மீத்தைல் ஏறிய சைட்டோசின் அமினோ தொகுதியை இழந்தால் நிலைமை மேலும் சிக்கலாகிறது. அது யுராசிலாக மாறாமல் தைமினாகவே மாறுகிறது. யுராசிலைக் கண்டால் அந்நியன் என்று உடனே தெரியும், தைமினோ டி.என்.ஏ.வின் சொந்த எழுத்து. குவானினுக்கு எதிரே தைமின் நிற்கிறது என்ற பொருத்தமின்மை ஒன்றே தடயம். இத்தகைய தைமினை வெட்டியெடுக்கவென்றே தைமின் டி.என்.ஏ. கிளைகோசைலேஸ், எம்.பி.டி.4 என்னும் இரண்டு நொதிகள் பாலூட்டிகளிடம் உள்ளன. முதலாவதை இனி டி.டி.ஜி. என்று அழைப்போம். இவை இருந்தும் பல பிழைகள் தப்பிவிடுகின்றன. பரிணாமக் காலம் முழுவதும் அப்படித் தப்பியதன் விளைவாகவே, கணக்குப்படி இருக்க வேண்டிய எண்ணிக்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சி-பி-ஜி இடங்கள்தான் நம் மரபுத்தொகுதியில் எஞ்சியுள்ளன. புற்றுநோய்களில் அடிக்கடி சிதையும் பி53 மரபணுவின் 175, 248, 273 ஆகிய நிலைகளில் சடுதி மாற்றங்கள் குவிவதும் அவை சி-பி-ஜி இடங்களாக இருப்பதோடு தொடர்புடையது. எபிஜெனிடிக் குறிக்கு உயிரினம் கொடுக்கும் விலை இது.

குறியை நீக்கப் பழுதுநீக்க நொதி பயன்படுகிறது என்பதற்கான ஐயத்துக்கு இடமில்லாத சான்று தாவரங்களிலிருந்தே முதலில் வந்தது. அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் 2002-இல் டிமீட்டர், ஆர்.ஓ.எஸ்.1 என்னும் இரண்டு மரபணுக்கள் கண்டறியப்பட்டன. இரண்டும் உருவாக்கும் புரதங்கள் அமைப்பில் கிளைகோசைலேஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆனால் அவை பிடித்து வெட்டுவது சேதமடைந்த காரத்தை அன்று, நல்ல நிலையில் இருக்கும், மீத்தைல் ஏறிய சைட்டோசினையே. வெட்டிய இடத்தில் மீத்தைலற்ற சைட்டோசின் நிரப்பப்பட, அடங்கியிருந்த மரபணு விழித்துக்கொள்கிறது. டிமீட்டர் செடியின் பெண் இனப்பெருக்கப் பகுதியின் மையச் செல்லில் செயல்பட்டு, தாயிடமிருந்து வரும் மெடியா என்னும் மரபணுவை மட்டும் இயங்கச்செய்கிறது. அது இல்லாவிட்டால் விதை முழுமையாக வளராது. தக்காளியில் இதே குடும்பத்து நொதி ஒன்றைச் செயலிழக்கச் செய்தால் காய் பழுப்பதில்லை என்று 2015-லும் அதற்குப் பின்னரும் வந்த ஆய்வுகள் காட்டின. பழுப்பதற்கான மரபணுக்களின் மேலுள்ள குறிகள் நீங்காமையே காரணம். காய்கறிக் கூடையில் சிவந்து கிடக்கும் ஒவ்வொரு தக்காளியும் டி.என்.ஏ.வில் ஆயிரக்கணக்கான இடங்களில் வெட்டி ஒட்டப்பட்ட பின்னரே சிவந்திருக்கிறது.

இதைக் கண்டபின் விலங்குகளிலும் இத்தகைய நொதியைத் தேடினார்கள். டிமீட்டருக்கு நிகரான, மீத்தைல் ஏறிய சைட்டோசினை நேரடியாகவும் திறம்படவும் வெட்டும் கிளைகோசைலேஸ் விலங்குகளிடம் கிடைக்கவில்லை. ஏமாற்றங்களும் நேர்ந்தன. எம்.பி.டி.2 என்னும் புரதம் மீத்தைலை நேரடியாகவே கழற்றுகிறது என்று 1999-இல் வெளியான அறிவிப்பை மற்ற ஆய்வுக்கூடங்களால் திரும்பச் செய்துகாட்ட முடியவில்லை. பிறகு வந்த கருதுகோள் கேட்பதற்கு அழகானது: நோயெதிர்ப்புச் செல்களில் சைட்டோசினின் அமினோ தொகுதியை வேண்டுமென்றே அகற்றும் ஏ.ஐ.டி. என்னும் நொதி, மீத்தைல் ஏறிய சைட்டோசினையும் தாக்கித் தைமினாக மாற்றலாம். பொருந்தாத அந்தத் தைமினை டி.டி.ஜி.யோ எம்.பி.டி.4-ஓ வெட்டியெடுக்கலாம். எலிகளிலும் வரிக்குதிரை மீனிலும் இதற்கு ஆதரவான சில முடிவுகள் கிடைத்தன. ஆனால் சோதனைக் குழாயில் ஏ.ஐ.டி. சாதாரண சைட்டோசினை விரும்பும் அளவுக்கு மீத்தைல் ஏறியதை விரும்புவதில்லை; ஏ.ஐ.டி. இல்லாத எலிகள் நோயெதிர்ப்பில் குறையுடையனவாக இருந்தாலும் பிறக்கின்றன, இனம் பெருக்குகின்றன. மரபுத்தொகுதி முழுவதையும் துடைத்தெடுக்கும் முதன்மை நொதி அதுவே என்று இன்று சொல்வது கடினம் என்றே எனக்குப் படுகிறது.

விடை வந்த திசை விந்தையானது. ஆப்பிரிக்கத் தூக்க நோயை உண்டாக்கும் ட்ரிப்பனோசோம் என்னும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணியின் டி.என்.ஏ.வில் ஜே காரம் என்னும் தனித்த எழுத்து உண்டு. தைமினின் மீத்தைலை ஆக்சிஜனேற்றம் செய்து அதன்மேல் ஒரு சர்க்கரையை ஏற்றினால் அது கிடைக்கும். அந்த ஆக்சிஜனேற்றத்தைச் செய்யும் புரதங்களுக்கு மனிதரில் உறவினர் உண்டா என்று, அமெரிக்கத் தேசிய உடல்நலக் கழகத்தில் பணியாற்றிய எல். அரவிந்தும் லட்சுமிநாராயணன் ஐயரும் கணினி வழியே தேடினார்கள். கிடைத்தவை டெட் குடும்பப் புரதங்கள். ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்து அப்போது ஹார்வர்டில் பணியாற்றிய அஞ்சனா ராவின் குழு, மம்தா தஹிலியானி முதன்மை ஆசிரியராக 2009-இல் வெளியிட்ட கட்டுரையில், டெட்1 நொதி மீத்தைல் ஏறிய சைட்டோசினை ஹைட்ராக்சிமீத்தைல் சைட்டோசினாக மாற்றுவதைக் காட்டியது. அதே ஆண்டில் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஸ்கிர்மாண்டஸ் கிரியாசியோனிஸும் நதானியல் ஹைன்ட்ஸும் சிறுமூளையின் புர்கின்ஜி நரம்புச் செல்களில் இதே காரம் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். 2011-இல் மேலும் இரண்டு படிகள் வெளிப்பட்டன: டெட் நொதி அத்தோடு நிற்காமல் அதை ஃபார்மைல் சைட்டோசினாகவும், பின் கார்பாக்சி சைட்டோசினாகவும் மாற்றுகிறது. அந்தக் கடைசி இரண்டையும் அடையாளம் கண்டு வெட்டியெடுப்பது வேறு யாரும் இல்லை, பொருந்தாத தைமினை வெட்டுவதற்கென்றே அறியப்பட்டிருந்த டி.டி.ஜி. தான். வெட்டிய இடத்தில் கார அகற்றுப் பழுதுநீக்கம் தன் வழக்கமான வேலையைச் செய்ய, குறியற்ற சைட்டோசின் வந்து அமர்கிறது.

விலங்குகள் இப்படிச் சுற்றிவளைத்துச் செல்வதன் காரணத்தை வேதியியலே விளக்குகிறது. டெட் நொதிகள் இரும்பையும் ஆக்சிஜனையும் 2-ஆக்சோகுளூட்டரேட் என்னும் சிறு மூலக்கூறையும் கொண்டு இயங்குபவை. இதே வகை வேதியியலைப் பயன்படுத்தும் ஏ.எல்.கே.பி. என்னும் பழுதுநீக்க நொதி பாக்டீரியாக்களில் உள்ளது. காரங்களின் நைட்ரஜனில் தவறாக ஏறிய மீத்தைலை அது ஆக்சிஜனேற்றம் செய்கிறது, மீத்தைல் ஃபார்மால்டிஹைடாகத் தானாகவே உதிர்ந்துவிடுகிறது, காரம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அதன் மனித உறவினரான எஃப்.டி.ஓ. ஆர்.என்.ஏ.வின் அடினினில் உள்ள மீத்தைலை நீக்கக்கூடியது என்று 2011-இல் தெரியவந்தது. நைட்ரஜனில் ஏறிய மீத்தைலுக்கு ஆக்சிஜனேற்றம் ஒன்றே போதும். கார்பனில் ஏறியதற்கு அது போதவில்லை. எத்தனை முறை ஆக்சிஜனேற்றம் செய்தாலும் கார்பன்-கார்பன் பிணைப்பு அறுவதில்லை, குறி உருமாறிக்கொண்டே போகிறது. அந்த உருமாற்றம் ஒரு கட்டத்தில், பழுதுநீக்க நொதியின் குழிக்குள் பொருந்துமளவுக்கு அந்த எழுத்தைப் பழுதானது போல ஆக்கிவிடுகிறது. சேதத்தைத் தேடும் நொதி சேதம் என்று எடுத்துக்கொள்ளும் வடிவத்தைச் செல் தானே உண்டாக்கி அதன் முன் வைக்கிறது. டெட்டும் டி.டி.ஜி.யும் சேரும் இந்த ஏற்பாட்டின் சாரம் அதுதான்.

டி.டி.ஜி. வெறும் பழுதுநீக்கி அல்ல என்பதற்கு இன்னொரு வலுவான அடையாளம் உண்டு. கிளைகோசைலேஸ்களில் ஏதேனும் ஒன்றை எலியில் நீக்கினால் பெரும்பாலும் பெரிய தீங்கு நேர்வதில்லை. ஒன்றின் வேலையை மற்றொன்று ஓரளவு பார்த்துக்கொள்கிறது. டி.டி.ஜி.யை நீக்கினால் மட்டும் எலிக்கரு வயிற்றிலேயே 11, 12-ஆம் நாள் வாக்கில் இறந்துவிடுகிறது. 2011-இல் இரண்டு குழுக்கள் இதை அறிவித்தன. அந்தக் கருக்களில் சடுதி மாற்றங்கள் பெருகி அவை இறந்ததாகத் தெரியவில்லை. வளர்ச்சிக்கான மரபணுக்களின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் மீத்தைலும் ஹிஸ்டோன் குறிகளும் நிலைகுலைந்திருந்தன. அந்த இடங்களில் தவறுதலாக ஏறும் குறிகளை அவ்வப்போது நீக்கிக் காவல் காப்பதும் டி.டி.ஜி.யின் பணியாக இருக்கலாம் என்பதே அதிலிருந்து பெறப்பட்ட கருத்து.

இந்த வழிக்கு ஓர் ஆபத்தும் உண்டு. சி-பி-ஜி இடம் இரு இழைகளிலும் எதிரெதிராக அமைவது. ஓர் இழையில் சைட்டோசின், குவானின் என்றால் எதிர் இழையிலும் திருப்பி வாசித்தால் அதே வரிசை. இரு பக்கமும் குறி இருக்கும்போது இரு பக்கமும் ஒரே வேளையில் வெட்டப்பட்டால் டி.என்.ஏ. இரண்டாக முறிந்துவிடும், செல்லுக்கு நேரக்கூடிய மிகக் கொடிய சேதங்களில் அது ஒன்று. டெட், டி.டி.ஜி., பிற பழுதுநீக்கப் புரதங்கள் ஆகியவற்றைச் சோதனைக் குழாயில் ஒன்றுகூட்டி 2016-இல் செய்த ஆய்வு, ஓர் இழையின் வேலை முடிந்த பிறகே மறு இழை தொடங்கப்படுமாறு இவை ஒழுங்குபட்டுச் செயல்படுவதைக் காட்டியது.

இப்போது முதலில் கண்ட கருவுற்ற முட்டைக்குத் திரும்பினால் ஒரு திருப்பம் காத்திருக்கிறது. 2000-இல் குறிகள் மறைந்தன என்று முடிவு செய்தது, மீத்தைல் சைட்டோசினோடு மட்டும் ஒட்டும் எதிர்ப்புரதங்களைக் கொண்டு. ஹைட்ராக்சிமீத்தைல் சைட்டோசினை அந்த எதிர்ப்புரதங்கள் அறியாது. 2011-இல் மறுபடி பார்த்தபோது, தந்தைவழி டி.என்.ஏ.வில் மீத்தைல் குறைந்த அதே நேரத்தில் ஹைட்ராக்சிமீத்தைல் ஏறியிருந்ததும், அதைச் செய்தது டெட்3 என்பதும் தெரியவந்தன. அந்த ஹைட்ராக்சிமீத்தைலில் கணிசமான பகுதி அடுத்தடுத்த செல் பிரிவுகளில் மெல்லத் தேய்கிறது, முட்டையில் டி.டி.ஜி.யை நீக்கியும் தந்தைவழிக் குறிகள் குறைவது நின்றுவிடவில்லை என்று 2014-இல் காட்டப்பட்டது. ஆக, பழுதுநீக்கத்தைத் தேடத் தூண்டிய நிகழ்விலேயே அதன் பங்கு எதிர்பார்த்ததைவிடச் சிறியது. அதற்காக முழுதும் இல்லை என்றும் சொல்லிவிட முடியாது: எலிக்கருவில் விந்தணுவுக்கும் முட்டைக்கும் மூலமாகும் முன்னோடிச் செல்களில் குறிகள் துடைக்கப்படும் கட்டத்தில் எக்ஸ்.ஆர்.சி.சி.1, ஏ.பி.இ.1 போன்ற பழுதுநீக்கப் புரதங்கள் திரள்வதை 2010-இல் கண்டார்கள். ஆனால் ஓரிடத்தில் பழுதுநீக்கப் புரதம் கூடுவதால் மட்டும் அங்கே குறி நீக்கம் நடக்கிறது என்று ஆகிவிடாது, பழுதும் இருக்கலாம். இத்துறையில் வரும் செய்திகளைப் படிப்பவர்கள் இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

நோய்களில் இந்தத் தொடர்பு இருபுறமும் ஓடுகிறது. இரத்தப் புற்றுநோயின் சில வகைகளில் டெட்2 மரபணு சிதைந்திருப்பது 2009 முதலே அறியப்பட்டது. வேறு சிலவற்றிலும், சில மூளைக் கட்டிகளிலும் ஐ.டி.எச். என்னும் வளர்சிதை நொதியின் மரபணு மாறி, 2-ஆக்சோகுளூட்டரேட்டுக்குப் பதில் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட்டை உற்பத்தி செய்கிறது. டெட்டுக்குத் தேவையான மூலக்கூறின் உருவத்தில் வந்து அதன் வேலையை அது தடுக்கிறது. வைட்டமின் சி இரும்பைச் செயல்படும் நிலையில் வைத்து டெட் நொதியின் வேகத்தைக் கூட்டும் என்று 2013-இல் எலியின் மூலச்செல்களில் காட்டப்பட்டதும் உண்மையே. அதைக் கொண்டு மாத்திரை விற்கும் விளம்பரங்களுக்கு அந்த ஆய்வு பொறுப்பாகாது.

மறுபுறம், பழுதுநீக்க நொதியின் மரபணுவே மீத்தைல் குறியால் அடங்கிப்போவதும் உண்டு. குவானினின் மீது தவறாக ஏறும் மீத்தைலை எம்.ஜி.எம்.டி. என்னும் புரதம் தன்மீது வாங்கிக்கொண்டு, ஒரே முறையோடு செயலிழந்து, டி.என்.ஏ.வைக் காக்கிறது. கிளையோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுநோய்க்குத் தரப்படும் டெமோசோலோமைட் மருந்து அத்தகைய மீத்தைலை ஏற்றியே புற்றுச் செல்களைக் கொல்கிறது, ஆகவே எம்.ஜி.எம்.டி. மரபணு மீத்தைலால் அடங்கியிருக்கும் நோயாளிகளுக்கு அம்மருந்து கூடுதலாகப் பயன்தருகிறது என்று 2005-இல் தெளிவானது. இன்று இக்குறியைப் பரிசோதிப்பது மருத்துவ நடைமுறையிலேயே சேர்ந்துவிட்டது. பெருங்குடல் புற்றுநோயின் ஒரு பகுதியில் எம்.எல்.எச்.1 என்னும் பழுதுநீக்க மரபணுவும் இவ்வாறே அடக்கப்பட்டிருக்கும்.

அண்மையில் வியப்பளித்த செய்திகள் நரம்புச் செல்களிலிருந்து வருகின்றன. 2021-இல் வெளியான ஆய்வுகள், இனிப் பிரியவே போகாத மனித நரம்புச் செல்களில் டி.என்.ஏ. பழுதுநீக்கம் தாறுமாறாக நடக்காமல் குறிப்பிட்ட இடங்களில், முக்கியமாக மரபணுக்களை முடுக்கிவிடும் பகுதிகளில், திரும்பத்திரும்ப நிகழ்வதைக் காட்டின. அங்கே ஓர் இழை மட்டும் அறுபட்டு ஒட்டப்பட்டுக்கொண்டே இருந்தது; அறுபடும் புள்ளிகள் சி-பி-ஜி இடங்களை ஒட்டி அமைந்திருந்தன. 2022-இல் அதே குழுவைச் சேர்ந்தவர்கள் அந்த அறுவைகளைத் தோற்றுவிப்பது டி.டி.ஜி. என்று காட்டினார்கள். எக்ஸ்.ஆர்.சி.சி.1 மரபணுவில் குறையுடையவர்களுக்குச் சிறுமூளை தளர்ந்து நடை தள்ளாடும் நோய் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கக்கூடும். இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் சைட்டாரபின் பற்றிய பழைய புதிர் ஒன்றுக்கும் இங்கே விடை தென்படுகிறது. அது சைட்டோசினைப் போல நடித்து, பிரியும் செல்களின் டி.என்.ஏ.வுக்குள் நுழைந்து கொல்லும் மருந்து. நரம்புச் செல்கள் பிரிவதில்லை என்பதால் அவற்றை அது தொடக்கூடாது. ஆயினும் மிகுந்த அளவில் தரும்போது சிலருக்குச் சிறுமூளை பாதிக்கப்படுவதை மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். டி.டி.ஜி. குறியை வெட்டியெடுத்த இடத்தில் புதிய சைட்டோசின் வந்து அமர வேண்டிய கணத்தில் இந்தப் போலி உள்ளே புகுந்துவிடுகிறது, பழுது முடிவடையாமல் செல் அழிகிறது என்பதே 2022-ஆம் ஆண்டின் ஆய்வு முன்வைத்த விளக்கம்.